தங்கவயலில் ரெண்டு விதமான பள்ளிக்கூடம்

ரொம்ப நாளாயிற்று இங்கே எழுதி. ஆபீஸ், வீடு, குளிர், சோம்பேறித்தனம் என்று காரணங்கள் எல்லாம் பழசுதான். இந்தத் தடவை உட்கார வைத்தது ஒரு விண்ணப்பப் படிவம்.

மெல்பர்னில் குழந்தைக்கு அந்த வருடம் ஏப்ரல் 30க்குள் ஐந்து வயது நிறைந்தால் ஜனவரி கடைசியில் 'பிரெப்' வகுப்பில் சேர்க்கலாம். எங்கள் மகளுக்கு நிறைந்துவிடும். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் அரசுப் பள்ளி ஒன்று இருக்கிறது. எங்கள் தெரு அதன் எல்லைக்குள் வருவதால் இடம் கட்டாயம் உண்டு. பதினைந்து நிமிடம் காரில் போனால் ஒரு தனியார் பள்ளி. சிவப்புச் செங்கல் கட்டடம், பச்சைப்பசேல் புல்வெளி, பிளேசர் போட்ட பிள்ளைகள். தங்கமணிக்கு அந்தப் பிளேசரைப் பார்த்ததிலிருந்து தூக்கம் இல்லை. எனக்கு அந்த ஃபீஸைப் பார்த்ததிலிருந்து.

ஊருக்குப் போன் பண்ணினபோது அம்மாவிடம் சொன்னேன். "இன்னாடா, அந்த ஊர்லயும் கவர்மென்ட் ஸ்கூலு, கான்வென்ட்டுன்னு ரெண்டு இருக்குதா?" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அவர் எதை நினைத்தார் என்று எனக்குத் தெரியும். அதை எழுதுவதற்கு முன்னால் ஊர்க்கதையைச் சொல்லியாக வேண்டும்.

என் ஊர் கோலார் தங்கவயல். கே.ஜி.எஃப். என்றால் இப்போது எல்லோருக்கும் 2018ல் வந்த படம்தான் ஞாபகம் வருகிறது. அதில் வரும் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் பேர்ப் பொருத்தம் மட்டும்தான். 1870களில் லாவெல் என்கிற அயர்லாந்துக்காரர், நியூசிலாந்தில் மாவோரிகளோடு நடந்த சண்டைக்குப் போய்விட்டு வந்து பெங்களூரில் ஓய்வாக இருந்தவர், மைசூர் அரசிடம் தோண்டுவதற்கு உரிமை வாங்கினார். 1880ல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி வந்தது. அதன் பிறகுதான் சாம்பியன் ரீஃப், ஊரிகாம், நந்திதுர்க், மைசூர் மைன் என்று ஷாஃப்டுகள் எழுந்தன. 1902ல் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர் தெருவில் லைட் எரிய இன்னும் மூன்று வருடம் இருந்தது. (எங்கள் ஊர்க்காரன் எவனிடமாவது ஐந்து நிமிடம் பேசுங்கள், இந்த ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடமாட்டான்.)

மண்ணுக்குள் இறங்கினவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அதிலும் ரொம்பப் பேர் ஆதிதிராவிடர்கள். பண்ணையார் நிலத்தில் கூலிக்குக் குனிந்து கிடந்ததற்கு, சுரங்கத்தில் செத்தாலும் மாசச் சம்பளம் வருமே என்று கிளம்பியவர்கள். என் தாத்தா குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து நடந்தே வந்ததாகச் சொல்வார்கள். நடந்தாரோ, ரயிலேறி வந்தாரோ, வந்தவருக்குக் கிடைத்தது மூங்கில் தட்டி வைத்துக் கட்டின லைன் வீடு. மேட்டிலே வெள்ளைக்காரர்களின் பங்களாக்கள், கிளப், கோல்ஃப் மைதானம். பள்ளத்திலே லைன்கள்.

பள்ளிக்கூடமும் இந்த மேடு பள்ளத்தின்படிதான் வந்தது. 1901ல் கம்பெனி நந்திதுர்க் மைனில் ஒரு ஆங்கிலத் தொடக்கப் பள்ளியைத் திறந்தது. பிரிட்டிஷ், ஐரோப்பிய ஊழியர்களின் பிள்ளைகளுக்கு. பள்ளி இல்லாத ஊருக்குக் குடும்பத்தோடு எந்த எஞ்சினியர் வருவான்? தண்ணீர், மின்சாரம், கிளப் மாதிரி பள்ளியும் வெள்ளைக்கார ஊழியரை ஊரில் பிடித்து வைக்கும் ஏற்பாடுதான். அது பிறகு கே.ஜி.எஃப். பாய்ஸ் ஸ்கூலாக வளர்ந்து, பையன்கள் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை எழுதினார்கள். 1904 ஜனவரியில் டார்ப்ஸின் புனித யோசேப்பு சபைக் கன்னியாஸ்திரீகள் பெண்களுக்கு ஒரு பள்ளி திறந்தார்கள். முதல் நாள் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பெண் பிள்ளைகள் 22 பேர். எங்கள் ஊர் 'கான்வென்ட்' என்ற சொல்லுக்கு அதுதான் ஆரம்பம்.

கவனியுங்கள், இதில் அரசாங்கமே இல்லை. கம்பெனியும் சபையும்தான். தங்கவயலில் நல்ல பள்ளி என்பது பிறந்தபோதே தனியார்தான். இன்ன தோல், இன்ன பங்களா என்று பார்த்துத்தான் உள்ளே விட்டது.

அப்படியானால் லைன் பிள்ளைகள்? மிஷன்காரர்கள் தமிழ்ப் பள்ளிகள் நடத்தினார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அயோத்திதாசப் பண்டிதர் 1907ல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினபோது, தங்கவயல் அதன் மிகப் பெரிய கோட்டைகளில் ஒன்று. மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் பௌத்த சங்கங்கள் இருந்தன. பண்டிதரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பியதும் இங்கிருந்துதான். 1926ல் ஜி. அப்பாதுரையார் 'தமிழன்' பத்திரிகையை மறுபடியும் தங்கவயலிலிருந்தே கொண்டுவந்தார். கர்னல் ஆல்காட் 1894ல் அடையாறில் பஞ்சமர்களுக்கு இலவசப் பள்ளி திறந்ததற்கு அயோத்திதாசரோடு இருந்த தொடர்பும் ஒரு காரணம். ஊர்ப் பள்ளியில் திண்ணைக்கு வெளியே நிற்க வைக்கப்பட்டவர்கள், நமக்கு நாமே படித்துக்கொள்வோம் என்று கிளம்பின காலம் அது. இரும்புக் கூண்டில் பாதாளத்துக்கு இறங்கி ஏறின மனிதன், சாயங்காலம் விளக்கு வைத்துப் பத்திரிகை வாசிக்கக் கேட்டான், கேட்டவன் வாசிக்கக் கற்றான். அரசுப் பள்ளியா தனியார் பள்ளியா என்கிற கேள்வியில் நாம் போடும் ரெண்டு பெட்டியில் எந்தப் பெட்டியிலும் அடங்காத பள்ளிக்கூடம் இது.

1930ல் ஒரு பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளிகள் எல்லோரும் கைரேகை பதிந்து பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். குற்றவாளிக்கு எடுக்கிற மாதிரி எங்களுக்கு எதற்கு ரேகை என்று சுரங்கமே நின்றது. வேலைநிறுத்தம் கிட்டத்தட்ட மூன்று வாரம். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் தாத்தாவின் ஞாபகம் வரும். அவர் கடைசிவரை கைநாட்டுதான். ஆனால் அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்த அன்று லைன் முழுக்க வெல்லம் கொடுத்தாராம்.

சுதந்திரத்துக்குப் பிறகு ஊர் வேகமாக மாறியது. 1951 மக்கள்தொகைக் கணக்கில் தங்கவயலில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் ஜனம். அன்றைய மைசூர் மாநிலத்தில் பெங்களூர், மைசூருக்கு அடுத்த ஊர் நாங்கள்தான். வெள்ளைக்காரர்கள் போக ஆரம்பித்தார்கள், ஆங்கிலோ இந்தியர்கள் பலரும் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறினார்கள். இங்கே டாண்டினாங் பக்கத்தில் ஒரு இந்திய மளிகைக்கடையில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். எண்பது தாண்டியவர். ஊர் பேரைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி "எந்த மைன்?" அடுத்த கேள்வி "எந்த ஸ்கூல்?" அந்த ரெண்டு பதிலில் எங்கள் ஊரில் ஒருத்தனின் ஜாதகமே இருக்கும். அவர் சொன்ன பள்ளியில் அவர் காலத்தில் என் தாத்தா வாசலைத் தாண்டியிருக்க முடியாது. என் காலத்தில் நான் அதே மாதிரி ஒன்றில் படித்தேன். ரெண்டு பேரும் சிரித்துக்கொண்டே மாங்காய் ஊறுகாய் வாங்கினோம்.

காலியான பெஞ்சுகளில் சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைகள் உட்கார ஆரம்பித்தார்கள். 1956ல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது, 1962ல் மத்திய அரசிடம் போனது, 1972ல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆனது. நடுவில் 1964ல் பி.இ.எம்.எல். வந்தது. மாசச் சம்பளக்காரர்கள் பெருகினார்கள். ராபர்ட்சன்பேட்டையில் இங்கிலீஷ் மீடியத்துக்கு வரிசை நீண்டது.

இங்கே எங்கள் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது சட்டென்று புரியாது. மதுரையிலோ தஞ்சாவூரிலோ அரசுப் பள்ளி என்றால் தமிழ்ப் பள்ளி. தங்கவயலில் அரசுப் பள்ளி என்றால் எந்த மொழி? 1956ல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது, பெரும்பாலும் தமிழ் பேசுகிற இந்த ஊர் கன்னட மாநிலத்திலேயே நின்றது. அதே 1956ல்தான் அரசியல் சட்டத்தில் 350ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்கள் முயல வேண்டும் என்பது. அதற்கு முன்பே, 1949ல், மாகாணக் கல்வி அமைச்சர்கள் கூடி ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். வகுப்பில் 10 பேர், அல்லது பள்ளி முழுக்க 40 பேர் ஒரு மொழி பேசினால் அந்த மொழியில் சொல்லிக்கொடுக்க ஆசிரியர் போட வேண்டும்.

அந்த 10க்கும் 40க்கும் எங்கள் ஊரில் அப்போது பஞ்சமே இல்லை. லைனுக்கு லைன் தமிழ்ப் பிள்ளைகள். தமிழ் மீடியம் செழித்தது. ஆனால் அந்தக் கணக்குக்குள்ளேயே ஒரு ஓட்டையும் இருந்தது. தலை எண்ணித்தான் ஆசிரியர். எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் போவார், ஆசிரியர் போனால் மிச்சமிருக்கிற பிள்ளையும் போகும்.

பத்தாவது வரை தமிழில் படித்த பிள்ளை பி.யு.சி.க்குப் போனால் அங்கே இங்கிலீஷ் அல்லது கன்னடம். அரசு வேலைக்குக் கன்னடம். சுரங்கத்தில் வேலை கிடைக்கும் வரை இது பெரிதாகத் தெரியவில்லை. அப்பா மைனில் இருந்தால் பையனும் மைனில். படிப்பு என்னவாக இருந்தாலும் கூண்டு ஒன்றுதான். தங்கம் குறையக் குறையத்தான் எந்த மீடியம் என்ற கேள்வி சோற்றுக் கேள்வியாக மாறியது.

1981ல் கோகாக் கமிட்டியின் அறிக்கை வந்தது. உயர்நிலைப் பள்ளியில் கன்னடம்தான் ஒரே முதல் மொழியாக இருக்க வேண்டும் என்றது. ராஜ்குமார் தெருவில் இறங்கினார், மாநிலமே எழுந்தது, 1982ல் குண்டுராவ் அரசு ஆணை போட்டது. எங்கள் ஊரில் தமிழர்கள் எதிர்த்து நின்றார்கள். மொழிச் சிறுபான்மையினர் வழக்குப் போட்டு, 1989 ஜனவரியில் கர்நாடக உயர்நீதிமன்றம் கட்டாயத்தை ரத்து செய்தது. அதே வருடம் ஜூனில் அரசு புது ஆணை போட்டது. நாலாவது வகுப்பு வரை தாய்மொழியில் என்று. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது.

கன்னடர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. தங்கள் தலைநகரிலேயே தங்கள் மொழி தேய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும் என்று யாரிடமும் சொல்ல முடியாது. நாம் சென்னையில் இருந்தால் அதைத்தான் செய்வோம், செய்தோம். ஆனால் தங்கவயலில் நடுவில் மாட்டிக்கொண்டது ஆறு வயதுப் பிள்ளை.

(இனி சொந்தக்கதை. வேண்டாதவர்கள் தாவிப் போகலாம்.)

எனக்கு ஒரு அக்கா. என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அவளை லைனை ஒட்டிய தமிழ் மீடியம் பள்ளியில் சேர்த்தார்கள். ஃபீஸ் கிடையாது. 1988ல் என் முறை வந்தது. சாம்பியன் ரீஃபில் அப்பாவுக்கு வேலை, கொஞ்சம் ஓ.டி.யும் வந்துகொண்டிருந்தது. ஒரு பிள்ளைக்குக் கான்வென்ட் ஃபீஸ் கட்டலாம் என்று கணக்குப் போட்டார்கள். ஒரு பிள்ளைக்குத்தான். எந்தப் பிள்ளை என்று வீட்டில் யாரும் விவாதித்ததாக ஞாபகம் இல்லை. பையன். அவ்வளவுதான்.

நான் படித்த பள்ளியின் பேர் வேண்டாம். நல்ல பள்ளி, எனக்கு இங்கிலீஷ் கொடுத்தது, அதனால் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். அதே பள்ளியில் தமிழ் பேசினால் ஒரு மரக்கட்டையைக் கழுத்தில் மாட்டுவார்கள். அடுத்தவன் தமிழ் பேசி மாட்டிக்கொள்ளும் வரை அது நம் கழுத்தில்தான். கடைசி மணி அடிக்கும்போது யாரிடம் இருக்கிறதோ அவனுக்கு ஐம்பது காசு அபராதம். ஐம்பது காசுக்கு அன்றைக்கு அம்மாவிடம் பொய் சொல்ல வேண்டும். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் தமிழர்கள், டீச்சர்களும் வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள் என்பதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

அங்கே எனக்கு ரெண்டாவது மொழி கன்னடம். தமிழ் பாடமே இல்லை. நான் இப்போது இதைத் தமிழில் எழுதுகிறேன் என்றால் அதற்குக் காரணம் அக்கா. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அவளுடைய பழைய பாடப் புத்தகத்தை விரித்து வைத்து எனக்குப் பாடம் நடத்துவாள். டீச்சர் விளையாட்டு விளையாட அவளுக்கு ஒரு மாணவன் வேண்டியிருந்தது. எனக்குத் தப்பிக்க வழியில்லை, ஒற்றை அறை வீடு. றகரம் ரகரம் மாற்றிப் போட்டால் தலையில் குட்டு விழும். இன்றைக்கும் இந்தப் பக்கத்தில் எழுத்துப்பிழை இருந்தால் முதலில் சொல்வது அவள்தான்.

எஸ்.எஸ்.எல்.சி.யில் நல்ல மார்க் எடுத்தாள். பி.யு.சி.யில் சயன்ஸ் சேர்ந்தாள். அத்தனையும் இங்கிலீஷில். முதல் வருடம் ரெண்டு பேப்பர் போனது, திரும்ப எழுதவில்லை. நான் அப்போது எட்டாவது. அவளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அவள் எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த அதே அறையில்.

நான் படித்துக்கொண்டிருந்த காலத்தில் இன்னொரு கூத்தும் நடந்தது. 1994ல் கர்நாடக அரசு மொழிக் கொள்கையை இன்னும் இறுக்கியது. நாலாவது வரை, தனியார் பள்ளியாக இருந்தாலும், தாய்மொழி அல்லது கன்னடத்தில்தான் நடத்த வேண்டும். விளைவு? மாநிலம் முழுக்கப் புதுப்புதுப் பள்ளிகள் கன்னட மீடியம் என்று அனுமதி வாங்கிக்கொண்டு, உள்ளே இங்கிலீஷில் நடத்தின. இன்ஸ்பெக்டர் வந்தால் காட்ட ஒரு புத்தகம், படிக்க ஒரு புத்தகம். பெற்றோருக்குத் தெரியும், இன்ஸ்பெக்டருக்கும் தெரியும். 2006ல் அரசு திடீரென்று விழித்துக்கொண்டு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளின் அங்கீகாரத்தில் கை வைத்தது. 2008ல் உயர்நீதிமன்றம் அந்தக் கொள்கை தனியார் பள்ளிகளுக்குச் செல்லாது என்றது. கடைசியில் 2014 மே மாதம் உச்சநீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து, குழந்தையின் தாய்மொழி எது என்று சொல்ல வேண்டியது பெற்றோர்தான், அரசு அல்ல, எந்த மொழியில் படிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் முடியாது என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

இருபது வருடச் சண்டை. இதில் ஜெயித்தது யார் என்று யோசித்தால், தமிழும் இல்லை, கன்னடமும் இல்லை. காசு இருந்தவனுக்கு 1994லேயே பின்வாசல் திறந்திருந்தது. சட்டத்தைச் சொன்னபடி நடத்தினது அரசுப் பள்ளி ஒன்றுதான். அங்கே பிள்ளையை விட்டவர்கள்தான் இங்கிலீஷுக்காகக் காத்திருந்தார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து இங்கிலீஷை ஒரு பாடமாகவாவது அரசுப் பள்ளிக்குக் கொண்டுவர 2007 ஆனது. அரசுப் பள்ளிகளில் இங்கிலீஷ் மீடியப் பிரிவுகள் வர 2019 ஆனது, அதுவும் மாநிலம் முழுமைக்கும் ஆயிரம் பள்ளிகளில்.

இதற்குள் சுரங்கம் மூடிவிட்டது. 2001 பிப்ரவரி 28 கடைசி நாள். அப்போது மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலையில் இருந்தார்கள், அப்பா அதில் ஒருவர். சங்கு ஊதாத முதல் காலையில் அவர் வழக்கம்போல நாலரைக்கு எழுந்து உட்கார்ந்திருந்தார். நான் அப்போது பி.யு.சி.

ஒரு சுரங்கம் மூடினால் அதன் பள்ளிகளுக்கு என்ன ஆகும் என்பதை யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஓட்டை விழுந்த ஷாஃப்டும் சயனைடு மலையும்தான் தெரியும். ஃபீஸ் கட்ட முடியாமல் கான்வென்டிலிருந்து பிள்ளைகள் விலகின. அந்தப் பிள்ளைகள் எல்லாம் அரசுப் பள்ளிக்குப் போயிருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? பாதிதான் சரி. நிறையக் குடும்பங்கள் ஊரையே விட்டுப் போயின. இருந்தவர்கள், இனிமேல் பிழைப்பு பெங்களூரில்தான் என்று தெரிந்தபின், கடன் வாங்கியாவது இங்கிலீஷ் மீடியத்தைப் பிடித்துக்கொண்டார்கள். தமிழ் மீடியம்தான் ரெண்டு பக்கமும் இழந்தது. 1949ன் அந்தக் கணக்கு ஞாபகம் இருக்கிறதா? வகுப்புக்கு 10, பள்ளிக்கு 40. எந்த மந்திரியும் மூடச் சொல்லித் தமிழ் வகுப்புகள் மூடவில்லை. எங்களைப் போன்ற பெற்றோர்கள் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துப் பிள்ளையை அழைத்துக்கொண்டு வெளியே வந்ததில் அந்தப் பத்து, ஏழானது, நாலானது. நான் யாரையும் குறை சொல்லவில்லை. வெளியே வந்தவர்களில் எங்கள் வீடுதான் முதலில், 1988லேயே.

மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலை பெங்களூருக்குக் கிளம்பும் ரயிலில் ஆயிரக்கணக்கானவர்கள் தினம் வேலைக்குப் போகிறார்கள். போக வர இருநூறு கிலோமீட்டர். அக்காவும் போனாள், ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனிக்கு. என் எஞ்சினியரிங் ஃபீஸில் மூன்று செமஸ்டர் அவள் கட்டியது. இதை நான் இதுவரை எங்கும் எழுதியதில்லை. எழுதச் சொல்லி அவளும் கேட்டதில்லை.

அவளுக்குக் கல்யாணமாகி மகள் பிறந்து, ஒன்றாம் வகுப்பு வயது வந்தது 2016ல். அதற்குள் கல்வி உரிமைச் சட்டம் வந்திருந்தது. 2009ல் நிறைவேறி 2010 ஏப்ரலிலிருந்து நடைமுறை. தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகத் தர வேண்டும், காசை அரசு திருப்பிக் கொடுக்கும். குலுக்கலில் அவள் மகளுக்கு இடம் விழுந்தது. அன்றைக்கு எனக்கு இங்கே ராத்திரி பன்னிரண்டு மணி. போனில் அவள் அழுதது என் ஐ.டி. வேலை கிடைத்த நாளில்கூட இல்லை.

2019ல் கர்நாடக அரசு அந்த விதியைத் திருத்தியது. பக்கத்தில் அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளியில் இலவச இடம் கிடையாது. அரசுப் பள்ளிகள் காலியாகின்றன, அரசுக் காசு தனியாருக்குப் போகிறது என்பது அரசின் வாதம். உயர்நீதிமன்றமும் அதை ஏற்றது. காகிதத்தில் பார்த்தால் எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. அரசுப் பள்ளியைக் காப்பாற்ற வேறு எப்படி? ஆனால் மூன்று வருடம் தள்ளிப் பிறந்திருந்தால் என் அக்கா மகளுக்கு அந்தக் கதவு இல்லை. அரசுப் பள்ளியைக் காப்பாற்றும் பாரத்தை முதலில் ஏழைப் பிள்ளையின் தலையில்தான் ஏற்றுகிறார்கள். பிளேசர் பிள்ளைகளை யாரும் கேட்பதில்லை.

மெல்பர்னுக்கு வருகிறேன். இந்த ஊரும் தங்கத்தில் வளர்ந்த ஊர்தான். பல்லாரட், பெண்டிகோ எல்லாம் எங்கள் ஊருக்கு அண்ணன் முறை. பெண்டிகோவில் சென்ட்ரல் டெபோரா என்ற பழைய சுரங்கத்தைச் சுற்றிக் காட்டுகிறார்கள். 1954ல் மூடினது. ஆழம் 412 மீட்டர் என்று கைடு பெருமையாகச் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. எங்கள் சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் மேல்.

இந்த விக்டோரியா மாநிலம்தான் 1872ல், இலவசமாக, கட்டாயமாக, மதம் கலக்காமல் எல்லாப் பிள்ளைக்கும் பள்ளி என்று சட்டம் போட்டது. சுரங்கத் தொழிலாளியின் பிள்ளையும் அதில் அடக்கம். தங்கவயலில் கம்பெனியும் சபையும் தோல் பார்த்துப் பள்ளி திறந்ததற்கு முப்பது வருடம் முன்பு. ரெண்டு ஊருக்கும் கார்ன்வால் சுரங்கக்காரர்கள் போனார்கள், ரெண்டு ஊரிலும் பிரிட்டிஷ் பவுன்தான் ஓடியது. இங்கே அந்தத் தொழிலாளிக்கு ஓட்டு இருந்தது. அங்கே என் தாத்தாவுக்கு இல்லை. (இந்த மண்ணின் பூர்வகுடிகளை அந்தச் சட்டம் எப்படி நடத்தியது என்பது வேறு கதை, அழகான கதை இல்லை.) கத்தோலிக்கர்கள் தங்கள் பள்ளிகளைத் தனியே நடத்தினார்கள், அரசுப் பணம் தரவில்லை. 1962ல் நியூ சவுத் வேல்ஸில் கோல்பர்ன் என்ற ஊரில் கத்தோலிக்கப் பள்ளிகளை எல்லாம் ஒரு வாரம் மூடிவிட்டுப் பிள்ளைகளை அப்படியே அரசுப் பள்ளி வாசலுக்கு அனுப்பினார்கள். இடம் எங்கே என்று முழித்தது அரசு. சில வருடத்தில் தனியார் பள்ளிக்கும் அரசுப் பணம் வர ஆரம்பித்தது. இன்று ஆஸ்திரேலியாவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிள்ளைகள் அரசு அல்லாத பள்ளிகளில்.

தங்கமணியிடம் இதையெல்லாம் சொன்னேன். "1872 இருக்கட்டும், நம்ம பொண்ணுக்கு என்ன?" என்றாள். சரியான கேள்வி. அவள் சென்னையில் பெரிய பள்ளியில் படித்தவள், அதன் பலன் அவளுக்குத் தெரியும். என் பயம் வேறு. எங்கள் வீட்டில் ஒருவருக்கு நல்ல பள்ளி என்பது இன்னொருவருக்குச் சாதாரணப் பள்ளி என்றே அர்த்தமாக இருந்தது. மகளுக்கு ஒரு தம்பி இருக்கிறான், ரெண்டு வயது. அந்தப் பிளேசர் பள்ளி ரெண்டு பேருக்கும் கட்டுப்படியாகாது. எக்செல்லில் மூன்று விதமாகப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒருவருக்கு ஆகும். அந்த ஷீட்டை மூடும்போது எனக்குக் கை கொஞ்சம் நடுங்கியது.

அரசுப் பள்ளியைப் போய்ப் பார்த்தோம். நாற்பது மொழி பேசும் பிள்ளைகள், ஒரு காய்கறித் தோட்டம், பெயின்ட் உரிந்த ஒரு கதவு. தலைமை ஆசிரியை மகளிடம் வீட்டில் என்ன மொழி பேசுவாய் என்று கேட்டார். மகள் தமிழ் என்றாள். ஒரு வார்த்தை சொல்லேன் என்றார். இவள் 'ஊறுகாய்' என்றாள். ஏன் அந்த வார்த்தை என்று தெரியவில்லை. அவர் ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, எழுதிக் காட்டு என்று காகிதம் நீட்டினார். மகளுக்கு அப்போது எழுதத் தெரியாது.

நாலாவது வரை இங்கே, அதற்குப் பிறகு பார்க்கலாம் என்று தங்கமணி இறங்கி வந்திருக்கிறாள். நிபந்தனை ஒன்று, கணக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஜூலை கடைசிக்குள் கொடுக்க வேண்டிய படிவத்தை நேற்றே அனுப்பிவிட்டோம்.

தமிழை அக்கா எடுத்துக்கொண்டாள். சனிக்கிழமை இந்திய நேரம் காலை ஒன்பது மணிக்கு வீடியோவில் வருகிறாள். தம்பிக்காரனும் மடியில் உட்கார்ந்து கத்துகிறான். முதல் பாடத்திலேயே 'ஊ'வும் 'று'வும் வந்துவிட்டன. சின்ன 'ர'வா பெரிய 'ற'வா என்பதில் மகளுக்கும் குழப்பம்தான். குட்ட முடியாத தூரத்தில் இருக்கிறோம் என்று அக்காவுக்கு ஒரே வருத்தம்.